"மூணு லட்சம் போட்டா மெடல் வந்துருமாடா?" - மாரியூர் சித்தப்பாவின் கேள்வியும் துப்பாக்கிச் சுடுதலின் மில்லிமீட்டர் கணக்கும்

சாயல்குடியிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் வரும் ஊர் மாரியூர். பூவேந்தியநாதர் கோயில் சித்திரைத் திருவிழாவில் வலைவீசும் படலம் பார்க்க, சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கடற்கரையில் கூடிவிடும். கூட்டம் இருக்கும் இடத்தில் ராட்டினம், பஞ்சு மிட்டாய், பலூன் சுடும் கடை இல்லாமல் இருக்குமா?

என் சித்தப்பா மகள் அந்தப் பலூன் கடையில்தான் சிக்கினாள். முதல் மூன்று குண்டுகள் வீண். நான் சிரித்தேன். அதன் பிறகு வரிசையாக ஏழு பலூன்கள் வெடித்தன. "பாப்பா, போதும்மா!" என்று கடைக்காரரே கையெடுத்துக் கும்பிட்டார். எப்படி என்று கேட்டேன். "துப்பாக்கி எடது பக்கம் இழுக்குதுண்ணே. ரெண்டு விரக்கடை வலது பக்கம் தள்ளி வச்சு அடிச்சேன்" என்றாள், ஏதோ சைக்கிள் பெடல் கதையைச் சொல்வதுபோல.

தங்கச்சி மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என்.சி.சி கேம்ப்பில் .22 ரைபிளைத் தொட்டதிலிருந்து பித்துப்பிடித்து, எட்டு மாதங்களாக ஒரு ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். (பெயர் போடக் கூடாது என்பது அவளுடைய கட்டளை. அவளிடம் துப்பாக்கி இருப்பதால் மீறுவதற்கில்லை.) சிக்கல் அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. சித்தப்பா ஒரு காகிதத்தை நீட்டினார். விளையாட்டுத் துப்பாக்கி விற்கும் ஒருவர் கொடுத்த விலைப்பட்டியல். இறக்குமதி ரைபிள் 2,60,000 ரூபாய். அதற்கு மேல் உயர்ரக சைட், கலர் ஃபில்டர், குழலில் மாட்டும் எடைகள், அதிர்வைக் குறைக்கும் கருவி எல்லாம் சேர்த்து 70,000. ஆகமொத்தம் 3,30,000.

சித்தி ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டிருந்தார். ஆறு பவுன். அதுதான் பேங்குக்குப் போகப் போகிறது என்று எல்லோருக்கும் புரிந்தது.

"நீ பத்திரிகையில இருக்க. நாலு பேரு பழக்கம். விசாரிச்சுச் சொல்லு. மூணு லட்சம் போட்டா மெடல் வந்துருமாடா?" என்றார் சித்தப்பா.

சினிமா செய்தி எழுதும் டிஜிட்டல் டெஸ்க் ஆசாமியிடம் கேட்கிற கேள்வியா இது? துப்பாக்கி சுடுதல் பற்றி நான் எழுதியதெல்லாம், 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் வந்து, ரசிகர்கள் ரைபிள் கிளப் வாசலை முற்றுகையிட்ட செய்தி மட்டும்தான். ஆனாலும் ஆறு பவுன் விஷயம். தேட ஆரம்பித்தேன்.

அரை மில்லிமீட்டர் புள்ளி

முதலில் இந்த விளையாட்டின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் 10 புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். பேனா முனை வைத்த புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்பதால், குண்டின் ஓரம் அந்தப் புள்ளியை உரசினாலே 10 கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு மையமாகப் பட்டது என்பதைப் பொறுத்து 10.1, 10.2 என்று ஏறி, அதிகபட்சம் 10.9. ஒவ்வொரு 0.1-க்கும் இடையே கால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. தகுதிச் சுற்றில் 60 குண்டுகள். எல்லாமே 10.9 என்றால் 654.

அடுத்தது நெஞ்சைப் பிடிக்கவைக்கும் கணக்கு. ரைபிளின் பின்பக்க சைட்டுக்கும் முன்பக்க சைட்டுக்கும் இடையே முக்கால் மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். குழலின் முனை ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர் விலகினால்கூட, 10 மீட்டர் தாண்டி இலக்கில் அது 1.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். 10.9 விழ வேண்டிய குண்டு 10.4-ல் விழும். நின்றபடி, ஐந்து கிலோ எடையைக் கையில் தாங்கி, மூச்சை அடக்கி, இதயத் துடிப்புக்கு நடுவே இதைச் செய்ய வேண்டும். 60 முறை!

சரி, அந்த நடுக்கத்தில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு? தரமான போட்டி ரைபிள் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டையும் வரும். தொழிற்சாலையில் ரைபிளை அசையாமல் பூட்டிவைத்துச் சுட்டுப் பார்த்த அட்டை அது. ஐந்து குண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஓட்டைபோலத் தெரியும். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் என்று எந்த ஜெர்மன் கம்பெனியாக இருந்தாலும் இதுதான் நிலவரம். துப்பாக்கி தன் வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது மனுஷன்.

தங்கச்சியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கிளப்பின் பழைய ரைபிளில் அவளுடைய இப்போதைய ஸ்கோர் 575. சராசரி ஒரு குண்டுக்கு 9.58. அப்படியென்றால் மையத்திலிருந்து சுமார் மூன்றரை மில்லிமீட்டர் விலகுகிறாள். பழைய ரைபிளின் சொந்தப் பிழை அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிழையே இல்லாத மாய ரைபிளை அவள் கையில் கொடுத்தால் மூன்றரையில் அரை போய் மூன்றாகிவிடும் என்றுதானே தோன்றும்? அப்படி நடக்காது. அவளுடைய அசைவு ஒரு பக்கம் இழுக்கும்போது ரைபிளின் பிழை இன்னொரு பக்கம் இழுக்கும். இரண்டும் பாதி நேரம் ஒன்றையொன்று சாப்பிட்டுவிடும். பள்ளிக்கூடத்து பிதாகரஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மாய ரைபிளால் குறைவது 0.04 மில்லிமீட்டருக்கும் கீழே. 60 குண்டுக்கும் சேர்த்து ஒரு புள்ளிகூடக் கூடாது.

இதைச் சொன்னதும் சித்தப்பா முகத்தில் வெளிச்சம். தங்கச்சி முகத்தில் இருட்டு.

இளவேனில் நின்ற இடம்

ஆனால் அவளிடமும் ஒரு நியாயம் இருந்தது. "அப்ப இளவேனில் அக்கா மட்டும் ஏன் காஸ்ட்லி ரைபிள் வச்சிருக்காங்க?"

கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7. பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். அதே சுற்றில் ஐந்தாவது இடம் பிடித்து உள்ளே போன ரமிதா ஜிண்டால் எடுத்தது 631.5. இருவருக்கும் இடையே 0.8. 60 குண்டுகளின் விலகலையும் கூட்டினால் 2 மில்லிமீட்டர்! அவ்வளவுதான் இருவருக்கும் உள்ள தூரம். சராசரியாக 10.5 சுடுகிறவருக்கு ஒரு புள்ளிகூட இல்லாத அந்த லாபம்தான் உலகத்திலேயே விலை உயர்ந்த பொருள். குண்டுகளை டப்பா டப்பாவாகச் சோதித்து, தன் குழலுக்குப் பொருந்தும் தொகுப்பைத் தேடி வாங்குவதும், சைட்டை மாற்றுவதும் அங்கே வெட்டிச் செலவு ஆகாது. பாரிஸில் தவறவிட்ட இளவேனில், 2025 ஆகஸ்ட்டில் கஜகஸ்தானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதே ரைபிள்தான். சுடுகிறவர் 10.5-ல் இருந்தால் அந்த ஒரு புள்ளி பதக்கம், 9.58-ல் இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

பாரிஸ் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது, ஒரு கையை பேன்ட் பாக்கெட்டில் விட்டபடி, சாதாரண டி-ஷர்ட்டில் நின்று வெள்ளி வென்ற துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச். "எந்தக் கருவியும் இல்லாமல் வந்து அடித்த மாமா" என்று மீம்கள் பறந்தன. நானும் இரண்டு கார்டு போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அது பாதி உண்மைதான். அவர் விட்டுவைத்தது கண் மறைப்பையும் பெரிய காது மூடியையும். கையில் இருந்தது முழுத் தரப் போட்டிப் பிஸ்டல். அதில் அவர் குறை வைக்கவில்லை. அதே போட்டியில் வெண்கலம் வாங்கியது நம் மனு பாக்கர் - சரப்ஜோத் சிங் ஜோடி என்பது கூடுதல் தகவல்.

மனு பாக்கரின் கதை இன்னும் முக்கியம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்றின் நடுவிலேயே அவருடைய பிஸ்டல் மக்கர் செய்தது. சரிபண்ணிக்கொண்டு வந்து நிற்பதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விட்டன. 12-வது இடம், இறுதிச் சுற்று இல்லை. ஆக, எவ்வளவு நுட்பமான கருவியோ அவ்வளவு கெடுவதற்கும் அதில் இடம் இருக்கிறது.

அபினவ் பிந்த்ராவைவிட இதற்குப் பெரிய சாட்சி கிடையாது. வீட்டிலேயே ரேஞ்ச் வைத்திருந்த வசதிக்காரர். தனக்குப் பொருந்தும் கருவியைத் தேடுவதில் அவருக்கு இருந்த வெறி விளையாட்டு உலகில் பிரபலம். 2008 பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன் பழகிப் பார்க்க முதல் குண்டைச் சுட்டால், விழுந்தது 4! சைட் இடம் மாறியிருந்தது. அந்தச் சில நிமிடங்களுக்குள் திருகித் திருகிச் சரிசெய்து, பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனுடன் சமநிலையில் நின்ற கடைசிக் குண்டில் 10.8 சுட்டுத் தங்கம் வாங்கினார். ஹாக்கினனுக்கு விழுந்தது 9.7. எட்டு வருடம் கழித்து ரியோவில், போட்டிக்குச் சற்றுமுன் அவருடைய ரைபிளின் சைட் உடைந்துபோனது. வேறு மாட்டிச் சுட்டு, டை-பிரேக்கர்வரை போய், 10.0-க்கு 10.5 என்று உக்ரைனின் செர்ஹி குலிஷிடம் தோற்று நான்காவது இடம். இரண்டு தடவையும் கருவி கைவிட்டது. சைட்டை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்ற மனசுக்கணக்கு கைவிடவில்லை. மாரியூர் பலூன் கடையில் "ரெண்டு விரக்கடை வலது பக்கம்" என்றாளே, அதே கணக்குதான்.

தானே சுடும் துப்பாக்கி

வெளிநாட்டில் இந்தக் கருவி மோகம் எதுவரை போனது தெரியுமா? அமெரிக்காவின் டெக்சாஸில் ட்ராக்கிங்பாயின்ட் என்ற கம்பெனி, கம்ப்யூட்டர் வைத்த ரைபிளை விற்றது. இலக்கைக் குறித்துவிட்டு விசையை அழுத்திப் பிடித்தால் போதும். தூரம், சாய்வு எல்லாம் கணக்குப் போட்டு, குறி சரியாகச் சேரும் நொடியில் அதுவே சுடும். விலை 20,000 டாலருக்கு மேலேயும் போனது. 2015-ல் ரூனா சாண்ட்விக், மைக்கேல் ஆகர் என்ற இரண்டு கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள், வைஃபை வழியாக உள்ளே புகுந்து அதைத் தப்பான இலக்கில் சுடவைத்துக் காட்டினார்கள்.

நம் ஊரில் அதற்கெல்லாம் வேலையே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே விளையாட்டு ரைபிள் என்றால் அட்டை இலக்கைச் சுடுவதுதான். அங்கே சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகள் கறாராக இருக்கின்றன. ரைபிளில் தொலைநோக்கி கூடாது. தானாகச் சுடவைக்கும் கருவி கூடாது. குழல் முனையில் காற்றை வெளியேற்றித் துள்ளலைக் குறைக்கும் அமைப்பு கூடாது. மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. ஜாக்கெட் துணியின் தடிமன்கூட 2.5 மில்லிமீட்டர்தான், அதற்கும் மெஷின் வைத்துச் சோதிப்பார்கள். விற்கிறவர் நீட்டும் பட்டியலில் இருப்பதெல்லாம் போட்டிக்குள் போகுமா என்று கேட்காமல் வாங்கினால், பிறகு அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

மறுநாள் காலையில் சித்தப்பாவோடு படகுப் பக்கம் உட்கார்ந்து பட்டியலை ஒவ்வொன்றாக அடித்தோம்.

70,000 ரூபாய்க்கான துணைக்கருவிகள் முதலில் அடிபட்டன. ஒரு நாளைக்கு நூறு குண்டு, வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு ஐம்பது வாரம் என்றால் 25,000 குண்டுகள். ஒரு டப்பாவில் 500. ஐம்பது டப்பா வேண்டும். டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 50,000. அந்தக் கலர் ஃபில்டரும் எடைகளும் ஒரு வருடத்துக் குண்டுச் செலவை விழுங்கிவிடும். சுடாமல் ஃபில்டரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எலெக்ட்ரானிக் ட்ரிகர் வைத்த மாடலுக்கு மாறலாம் என்று விற்பவர் ஒரு வரி எழுதியிருந்தார். அதற்குச் சித்தப்பாவே தீர்ப்பு சொல்லிவிட்டார். "உப்புக்காத்துல இரும்பே நிக்காது. பேட்டரி வச்ச சாமானா நிக்கும்?" மாரியூர், வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பார்த்தவர்கள் அந்தக் காற்றின் குணம் தெரிந்தவர்கள். லீவுக்கு வரும்போது ரைபிளை ஊருக்குக் கொண்டுவரவே கூடாது என்றும் முடிவானது.

ஜாக்கெட், பேன்ட், ஷூ ஆகியவற்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் இப்போது போடுவது கிளப்பின் பொது ஜாக்கெட். இரண்டு பேர் நுழையலாம். முதுகையும் இடுப்பையும் தாங்கிப்பிடிப்பது இந்த உடைதான். உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது இல்லையென்றால் எந்த ரைபிளாலும் பிரயோஜனம் இல்லை. அவளுடைய மூன்றரை மில்லிமீட்டரில் நேரடியாகக் கைவைக்கக்கூடிய செலவு பட்டியலிலேயே இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

செலவே இல்லாத ஒன்றும் கிடைத்தது. கிளப் ரைபிளின் கன்னம் வைக்கும் பகுதியும் தோளில் பதியும் பகுதியும் யாரோ ஓர் உயரமான பையனுக்கு ஏற்றபடி இருக்கிறதாம். இவள் எட்டு மாதமாகக் கழுத்தை நீட்டிச் சுட்டிருக்கிறாள்! "கேக்க ஒரு மாதிரி இருந்துச்சுண்ணே" என்றாள். ஓர் ஆலன் கீயும், தனக்குச் சரியான அளவுகளைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் போதும். குண்டே போடாமல் வெறும் சுவரைக் குறிபார்த்து விசை அழுத்தும் பயிற்சிக்கும் காசு இல்லை.

எனக்கே ஆசை வந்த ஒரு கருவி உண்டு. ஸ்காட் என்று பெயர். குழலில் மாட்டினால், சுடுவதற்கு முன் முனை எப்படி அலைந்தது என்று திரையில் கோடு கோடாகக் காட்டும். தங்கச்சி கைக்கோடு பார்த்தால் நிச்சயம் சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் அந்தக் கோட்டைப் படித்துச் சொல்ல ஒரு கோச் பக்கத்தில் வேண்டும். கிளப் ஒன்று வாங்கி இருபது பேர் பயன்படுத்தலாம். தனி வீட்டுக்கு வேண்டாம்.

சரி, ரைபிளே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. மூன்று பேர் மாறி மாறிப் பிடிக்கும் துப்பாக்கியில் ஓர் உயரத்துக்கு மேல் போக முடியாது. திருவிழா ஸ்ப்ரிங் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மாநிலப் போட்டியில் நிற்கவும் முடியாது. பெற்றவர்கள் எடுத்த ரிஸ்க்கால் வந்தவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் பிறந்தவர் ககன் நரங். குழந்தையாக இருந்தபோது மெரினாவில் பலூன் சுட்ட கதையை அவருடைய குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். மகனுக்கு ரைபிள் வாங்கச் சொத்தை விற்றார் அவருடைய அப்பா. 2012 லண்டனில் வெண்கலம் வந்தது. பாரிஸில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேயின் அப்பா ஓர் ஆசிரியர், மகனுக்காகக் கடன் வாங்கியவர். இந்தக் கதைகளைத் தங்கச்சி எனக்கு முன்பே மனப்பாடமாக வைத்திருந்தாள். சொத்தை விற்றும் பதக்கம் வராத வீடுகளின் கதையை யாரும் எழுதுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

சித்தப்பாதான் பேசினார். "படகுக்கு ஜி.பி.எஸ் வாங்குனப்ப எல்லாரும் சொன்னாங்க, இனிமே உனக்கு மீனு கொட்டும்னு. அது போற வழியும் வர்ற வழியும் காட்டுது. அந்தமட்டும் நல்லதுதான். மீனு எங்க கெடக்குன்னு நாந்தானடா பாக்க வேண்டியிருக்கு?"

வழி கிடைத்தது போன மாதம். கிளப்பில் வேலை கிடைத்து வெளியூர் போகும் சீனியர் பெண் ஒருத்தி, தன் ரைபிளை 1,10,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னாள். 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தொல்லை கிடையாது. குழல் 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் இந்தியாவில் விலக்கு உண்டு. பழைய ரைபிள் வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது காற்று அடைக்கும் சிலிண்டரின் தேதி. அதற்கு ஆயுள் பத்து வருடம். காலாவதியானால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், புதிது தனிச் செலவு. சித்தப்பாவுக்கு இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

மதுரைக்கு வந்தவர் ரைபிளின் பளபளப்பைப் பார்க்கவில்லை, பிராண்டைக் கேட்கவில்லை. பழைய படகு இன்ஜின் வாங்குகிறவர்போலக் குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்து, சிலிண்டரில் பொறித்திருந்த எண்ணை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"2031 வரைக்கும் ஓடும்" என்றார். சித்தியின் கையிலிருந்த இரண்டு வளையல்கள் மட்டும் பேங்குக்குப் போயின. சங்கிலி கழுத்தில் இருக்கிறது. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜில் ஒரு எண் மட்டும்தான் இருந்தது: 588.4.